சுபாஷ் பேரில் ஒரு நாள்

"சட்டயக் கழட்டுப்பா" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

அடுப்புப் பக்கம் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றுபோனது. அம்மா திரும்பிப் பார்க்கிறாள் என்பது பார்க்காமலே செல்விக்குத் தெரிந்தது. அவள் உள்ளங்கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒயர்கள் தொங்கின. நெஞ்சுத் துடிப்பைப் பதிகிற இந்த மெஷினைப் பற்றி அப்பாவிடம் கேட்கக் கூடாது, பேசக் கூடாது, கண்ணில்கூடக் காட்டக் கூடாது என்று பெரியநாயகி மகளின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தை மீறினால் அம்மா செத்துப்போவாள் என்று நம்புகிற வயதைச் செல்வி எப்போதோ தாண்டிவிட்டாள். மீறாமல் இருந்தால் அப்பா செத்துப்போவார் என்பதுதான் இப்போது அவளுக்குத் தெரியும்.

சின்னதுரை வாசலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகை மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. டீ கிளாசை இடது கையில் பிடித்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. முந்தாநாள் இதே நாற்காலியில்தான் அந்தக் கை கிளாசை நழுவவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "செல்வி" என்று கூப்பிட முயன்றபோது வந்தது பேச்சே இல்லை, ஏதோ சத்தம். உலையில் போட்ட அரிசி ஒரு கொதி வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "கை மரத்துப்போச்சி, அவ்ளோதான்" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றுவிட்டார். மகன் சுபாஷை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று அவர் முடிவு செய்து மாதங்கள் ஆகியிருந்தன.

"எதுக்கு?" என்றார் இப்போது, பெட்டியைப் பார்க்காமல்.

"ஒரு நாளைக்கிப் போட்டுக்கினு இரு. நீ ஆஸ்பத்திரிக்கி வரமாட்டன்ற. இத்தயாவது போட்டுக்க."

"ஏய்" என்று வந்தாள் பெரியநாயகி, கையில் கரண்டியோடு. "இன்னா பேசிகினு இருக்கற நீ? அத்த எடுத்து உள்ள வெய்யி."

"வெக்கமாட்டேன்."

செல்விக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சை மடித்துப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறாள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் படித்து, உயிர் வேதியியலில் முதுகலை முடித்து, அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆன பிறகும் வரவில்லை. "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது" என்று ஊரில் சொன்னபோது, "படிக்காத பொண்ணா இருந்தா வாய மூடிக்கினு இருந்திருப்பேன், அதுக்குத்தான் படிச்சேன்" என்றாள். அவளைச் சமாளிக்கத் தெரிந்தவன் சுபாஷ் ஒருவன்தான். அவளுக்கு ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து அவளை ரத்தக்காட்டேரி என்றுதான் கூப்பிட்டான். "யம்மா, காட்டேரி வந்துடுச்சி, சோறு போடு" என்பான்.

காட்டேரி வேலை என்பது உண்மைதான். கல்வராயன் மலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் மழை முடிந்த கையோடு உண்ணிக் காய்ச்சல் வரும். ஆடு மேய்க்கப் போனவர்களையும் கரும்புக் கொல்லையில் வேலை செய்தவர்களையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடிக்கும். பலருக்கு மாத்திரையில் போய்விடும். சிலருக்கு அது நெஞ்சுக்குள் இறங்கி இதயத் தசையை வீங்க வைக்கும். வீங்கிய தசை காயும்போது அதன் துடிப்பு தாறுமாறாகும். ஒரு சிலருக்கு அது சொல்லாமல் கொள்ளாமல் நின்றேபோகும். யாருக்கு நிற்கும் என்பதை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் டாக்டர் அரங்கநாதனின் ஆராய்ச்சி. வீங்கிய தசைக்குள் மூச்சுக் காற்றே நஞ்சாக மாறித் தசையைத் தின்னும், இரும்பைத் துரு தின்பது போல. தின்றதன் மிச்சம் ரத்தத்தில் மிதக்கும். அந்த ரத்தத்தைச் செல்வி மருந்து சேர்த்துக் கொதிக்க வைப்பாள். குழாயில் ரோஸ் நிறம் வரும். சிலருக்கு லேசாக, சிலருக்கு அடர்ந்து. நிறம் அடர்ந்தவர்களுக்குத்தான் துடிப்பும் கெடுகிறதா என்று பார்க்க ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுக்க இந்தப் பெட்டியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ரத்தத்துக்கும் துடிப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம் இருப்பது உறுதியானால், மெஷினும் இதய டாக்டரும் இல்லாத வெள்ளிமலையில்கூட ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, "இவன வீட்டுக்கு அனுப்பாதீங்க" என்று சொல்லிவிடலாம்.

சுபாஷுக்கு மாசியில் காய்ச்சல் வந்தது. அக்குளில் கருகிப்போன பொட்டு மாதிரி பூச்சி கடித்த தடத்தைச் செல்விதான் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிழைத்துக்கொண்டான். நெஞ்சு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ஆறிக்கொண்டிருக்கிறது என்றார்கள். சித்திரையில் அவனுக்கு மெஷின் போடும் முறை வந்தது. செல்வியே அவன் நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டினாள். "வூட்டுக்குப் போயி பொத்தான அமுக்கினா ஓட ஆரம்பிக்கும். நாளைக்கிக் காலையில வரைக்கும் கழட்டக் கூடாது. தண்ணி படக் கூடாது. மெஷின் சும்மா கெடந்தா கம்ப்யூட்டர்ல வெறும் கோடா வரும். எங்க சாரு என்னத்தான் கேப்பாரு. என் பேரக் கெடுத்துடாத" என்றாள். அதே வார்த்தைகளை வீட்டுக்கும் போன் போட்டு அப்பாவிடம் சொன்னாள். பிறகு ரத்தம் எடுக்கிற முகாமுக்காக வெள்ளிமலை போகிற ஜீப்பில் ஏறிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் துரோபதை அம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்பு கட்டினார்கள். செல்விக்கு அது நினைவே இல்லை. தீமிதி, விரதம், காப்பு எல்லாவற்றோடும் அவள் சண்டை போட்டு முடித்திருந்தாள். மகன் பிழைத்தால் தீ மிதிக்க வைக்கிறேன் என்று சின்னதுரை காய்ச்சல் நாளில் வேண்டிக்கொண்டதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. காப்புக் கயிறு கட்டிக்கொண்டவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கோயிலில்தான் படுக்கை. காலையும் மாலையும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் துணியோடு அம்மன் முன்னால் நிற்க வேண்டும்.

சுபாஷ் பொத்தானை அமுக்காமலே மெஷினைக் கழற்றினான். மெஷின் சும்மா கிடக்கக் கூடாது. அதனால் அதை அப்பா போட்டுக்கொண்டார்.

மறுநாள் சின்னதுரையே அதை மஞ்சள் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். "அவன் காப்பு கட்டிக்கினான், எல்லையத் தாண்டக் கூடாது, அதான்" என்றார். காப்பு என்ற வார்த்தையைக் கேட்டதுமே செல்வி கத்த ஆரம்பித்துவிட்டாள். கத்திய வேகத்தில், கேட்டிருக்க வேண்டிய ஒன்றை அவள் கேட்கவில்லை. தண்ணீர் படாமல் அவன் எப்படிக் குளித்தான் என்று அவள் கேட்கவே இல்லை. பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுபாஷின் எண்ணைப் போட்டாள். அபாயமான துடிப்பு எதுவும் இல்லை, இதயத்தின் மேலறையில் மட்டும் கொஞ்சம் படபடப்பு, காய்ச்சல் ஆறும்போது வரக்கூடியதுதான் என்றார் அரங்கநாதன். துடிப்புக்கு மாத்திரை இப்போது வேண்டாம், ஆனால் இன்னும் சில மாதம் கனமான வேலை கூடாது என்றார். முதல் பாதியைச் சுபாஷ் ஊரெல்லாம் சொன்னான். இரண்டாவது பாதியை யாரிடமும் சொல்லவில்லை. தீ மிதித்தான். வைகாசியில் ஒரு பகல், டிரெய்லரில் ஏற்றிய கரும்புக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றை விடாமலே உட்கார்ந்தான். களைப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்று கூட இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கேலி பேசியிருக்கிறார்கள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு பெரியநாயகி மகளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், மெஷினைப் போட்டுக்கொண்டது யார் என்று சொன்னாள். அவளால் அதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சொன்ன கையோடு சத்தியம் வாங்கினாள். "விரதத்துல ஏதோ கொற, சாமிக் குத்தம்னு நெனச்சிகினு இருக்காருடி உங்கப்பா. தெனம் கோயில் பக்கம் பாத்து வையிறாரு. சாமியோட சண்ட போட்டுக்கினு இருக்கட்டும். தன்னோடயே சண்ட போட வெச்சிடாத."

செல்வி வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதற்குப் பிறகு ரத்தத்தையும் துடிப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற வேலை வந்தது. அரங்கநாதன் திரையில் புள்ளிகளைக் காட்டினார். நிறம் அடர அடரத் துடிப்பு கெட்டுக்கொண்டே போனது, புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறின. ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி, கீழே தனியாக நின்றது. "இந்த ஆளப் பாரும்மா. ரத்தத்துல இவ்வளவு சேதம், துடிப்புல ஒன்னுமில்ல. இவர வெச்சிக்கிட்டு எப்படி அடிச்சிச் சொல்றது? ஆனா ஒத்து வரலங்கறதுக்காக ஒருத்தர எடுத்துப் போட முடியாது. அது பொய் ஆயிடும்" என்றார். அவருக்கு அது வெறும் எண். செல்விக்குச் சுபாஷின் அந்தக் குழாய் நினைவுக்கு வந்தது. யாருடையது என்று தெரியாமலே கையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரோஸ்மில்க் மாதிரி இருக்குது" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்தப் பதிவை முதலிலிருந்து திறந்தாள். சுபாஷின் பேரில் இருந்த அந்த ஒரு நாள் முழுக்க அப்பா இருந்தார். விடிவதற்கு முன்னால் துடிப்பு ஏறியது. மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார் போடப் போயிருக்கிறார். பிறகு வரப்பில் நடை. மடை திருப்பக் குனிந்து நிமிர்வது. கூழ் குடித்துவிட்டுச் சாய்ந்த நேரம். அங்கங்கே, எந்தக் காரணமும் இல்லாமல், துடிப்பு தறிகெட்டு ஓடி மறுபடி வழிக்கு வந்தது. அது படபடப்பு இல்லை. இளவட்டத்துக்குக் காய்ச்சல் ஆறும்போது வருகிறதும் இல்லை. வயதானவருக்கு மேலறை நடுங்குகிற நோய். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும், கட்டியாகும், என்றைக்காவது கிளம்பி மூளைக்குப் போகும்.

எல்லாவற்றையும்விட உயரமாகத் துடிப்பு எகிறிய இடம் ஒன்று இருந்தது. அப்போது அவர் நடக்கவில்லை, குனியவில்லை. அந்த நேரம் எதுவென்று செல்விக்குத் தெரியும். வெள்ளிமலையில் டவர் கிடைக்கிற ஒரு பாறைமேல் ஏறி நின்று அவள் போன் செய்த நேரம். "மெஷின் ஒழுங்கா ஓடுதாப்பா?" என்று கேட்டாள். "ஓடுது பாப்பா. அருமையா ஓடுது" என்றார் அப்பா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷனின் நெஞ்சு.

முந்தாநாள் கிளாஸ் விழுந்ததை நேற்றுச் சொன்னபோது அரங்கநாதன் எழுந்தே நின்றுவிட்டார். "உடனே கூட்டிட்டு வா. வரலன்னா விட்டுடாத. குறைஞ்சது இந்த மெஷினையாவது போட்டு வை" என்று கையில் கொடுத்தார். "இதுக்கு முன்னாடி அப்பாவுக்கு எப்பவாவது துடிப்பு பாத்திருக்கா? இது புதுசா, ரொம்ப நாளா இருக்கறதான்னு தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றார்.

"இல்ல சார்" என்றாள் செல்வி. அவருக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் அது இருந்தது.

"கழட்டுப்பா" என்றாள் இப்போது மறுபடியும்.

"வோணாம். அத்த என் மேல ஒட்டாத."

"ஏன், அன்னிக்கி ஒட்டிக்கினியே."

பெரியநாயகியின் கரண்டி கீழே விழுந்தது. அவள் மகளைக் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள். "சாவுடி. சத்தியம் பண்ணிட்டு, பாவி... சாவுடி" என்றாள். தோசை கருகுகிற வாடை வந்தது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

சின்னதுரை டீ கிளாசைத் தரையில் வைத்தார். அதைப் பத்திரமாக வைக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. "வுடு அவள" என்றார் மனைவியிடம். செல்வி கீழே உட்கார்ந்து அப்பாவின் வலது கையை எடுத்து மணிக்கட்டைப் பிடித்தாள். பெரியவளான பிறகு அவர் கையை அவள் தொட்டதே இல்லை. மண்வெட்டி பிடித்துக் காய்ந்த தோலுக்கடியில் நாடி ஓடியது. ஓடியது என்று சொல்ல முடியாது. இடறியது, நின்றது, மூன்று நான்காகச் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது, மறுபடி எங்கோ போனது. திரையில் பார்த்தது இதுதான்.

"மோட்டார் கொட்டாயில வெச்சித்தான் ஒட்டினான்" என்றார் சின்னதுரை. அவர் மழையைப் பார்த்தே பேசினார். "நீ அவனுக்கு எப்டி எப்டி ஒட்டினியோ, வெள்ள ஒயரு இங்க, செவப்பு இங்கன்னு, தன் நெஞ்சப் பாத்துப் பாத்து எனக்கு ஒட்டினான். முடி இருந்தா ஒட்டாதாமே, நீ சொன்னியாம். பிளேடு எடுத்துச் செரச்சான். 'யப்பா, கரும்புக் கொல்ல மாதிரி இருக்குது உன் நெஞ்சு, மில்லுக்காரங்ககிட்ட கட்டிங் ஆர்டர் வாங்கிட்டுத்தான் கைய வெக்கணும்'னு சிரிக்கிறான். சிரிப்புல கை ஆடி ஒரு எடத்துல கீறிட்டுச்சி." அவர் சட்டைக்கு மேலேயே அந்த இடத்தைத் தொட்டார். "'ஏன்டா, டாக்டருக்குத் தெரிஞ்சா?'ன்னு கேட்டேன். 'ஒரே ரத்தம்தானப்பா, உன் நெஞ்சு வேற என் நெஞ்சு வேறயா, அக்கா பேரு கெட்டுடக் கூடாது, அவ்ளோதான்'னான்."

பெரியநாயகி சுவரில் சாய்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அவன் போன பொறவு எனக்கு ஒரு யோசன வந்துச்சி" என்றார் சின்னதுரை. "ஒன்னும் தெரியாத ஆளு இல்ல நானு. உங்கம்மா மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? நான் கேக்கல. கேட்டா நீ சொல்லிடுவ. உனக்குப் பொய் வராது." இப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அதனாலயா போயிட்டான்?"

செல்வி இந்தக் கேள்வியைப் பஸ்ஸில், ஆய்வுக் கூடத்தில், படுக்கையில் எல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். இல்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் யாரும் அவளைப் பிடித்துக் கேட்கப் போவதில்லை. அம்மா கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். செல்வி வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"தெரியலப்பா" என்றாள். "அன்னிக்கி அவன் போட்டுக்கினு இருந்தா ஏதாவது தெரிஞ்சிருக்கலாம். தெரிஞ்சிருந்தா சாரு உள்ளயே வெச்சிருப்பாரு, பாண்டிச்சேரிக்கி அனுப்பியிருப்பாரு. அப்பவும் போயிருக்கலாம். போட்டுக்கினு இருந்தாலும் அன்னிக்கின்னு பாத்து ஒன்னும் தெரியாம இருந்திருக்கலாம். ஒன்னும் சொல்ல முடியாது. சுபாஷு நெஞ்ச யாருமே கேக்கல. அது ஒன்னுதான் தெரியும்."

சின்னதுரை தலையை ஆட்டினார். ஏதோ ஒரு கணக்கு அவர் மனசுக்குள் சரியாகிவிட்டது போல மெதுவாக ஆட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் செல்விக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அந்த மெஷின்ல எனக்கு இன்னா வந்துச்சி?"

"நெஞ்சுல மேலறை நடுங்குது. அன்னிக்கே நடுங்கியிருக்குது. அதான் முந்தாநாளு உனக்குக் கை போச்சி. அடுத்த தபா போனா திரும்பி வராது. ரத்தம் கட்டாம இருக்க மாத்திர இருக்குது, தெனம் போடணும். நீ வந்தே ஆவணும்ப்பா. நான் போயி சாருகிட்ட சொல்லப் போறேன். பழைய பதிவு ஒன்னு இருக்குது, அது சுபாஷோடது இல்ல, எங்கப்பாவோடதுன்னு."

"சொன்னா உன் வேல இன்னா ஆவும்?"

"போவும்."

"ஏன்டி போவும்?" என்றாள் பெரியநாயகி, துணியை வாயிலிருந்து எடுத்து.

"ஆளு மாறினது தெரிஞ்சும் இத்தினி மாசம் சொல்லாம இருந்தேன். அதுக்குப் போவும்."

"அப்ப சொல்லாத." பெரியநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "இன்னிக்கி மெஷினப் போட்டுக்கட்டும். புதுசா வந்த நோவுன்னு மாத்திர குடுக்கட்டும். பழசக் கௌறி இன்னா ஆவப்போவுது? ஊருல இன்னா பேசுவாங்க தெரியுமா? புள்ளயக் கொன்னவன்னு சொல்லுவாங்கடி, இந்த மனுசன."

செல்வி பதில் சொல்வதற்குள் சின்னதுரை கையை நீட்டினார். பெட்டியை அவள் உள்ளங்கையிலிருந்து எடுத்து, புரட்டிப் பார்த்தார். "இதேதானா?"

"தெரியல. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"போட்டுக்கறேன்" என்றார். "நாளைக்கி ஆஸ்பத்திரிக்கும் வரேன். ஊசி, மாத்திர, இன்னா குடுத்தாலும் துன்றேன். ஒன்னே ஒன்னு. அத்த மாத்தாத."

"எத்த?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறத. அது அவன் பேர்லயே இருக்கட்டும்." அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது. "ஊரு பூரா அவன் நெஞ்சு நின்னுபோச்சின்னுதான் பேசுது. ஆஸ்பத்திரியில குடுத்த பேப்பர்லயும் அதான் எழுதியிருக்குது. அந்த ஒரு எடத்துலதான் அவன் நெஞ்சு ஓடுது. ஒரு நாளு பூரா ஓடுது. என்னுதுன்னாலும் பரவால்ல. அவன் பேர்ல ஓடிக்கினு இருக்கட்டுமே பாப்பா. உனக்கு இன்னா கொறஞ்சிபோச்சி?"

செல்விக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. எப்போதும் அதுதான் முதலில் வரும். அவள் பேரைக் காப்பாற்ற ஒருவன் நெஞ்சைக் காட்டாமல் போனான். அவன் பேரைக் காப்பாற்ற இவர் தன் நெஞ்சை ஒளித்து வைக்கப் பார்க்கிறார். இந்த வீட்டில் யாருக்கும் யார்மேலும் பாசம் இல்லாமல் இருந்திருந்தால் எல்லோரும் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று கத்தத் தோன்றியது. எழுந்து நின்றாள். அப்பாவின் மடியில் பெட்டியும், அதன் ஒயர்களைச் சேர்த்துப் பிடித்த அந்த விரல்களும் தெரிந்தன. ஆத்திரம் எங்கேயோ வடிந்தது. அது வடிந்த இடத்தில் வந்தது தாங்க முடியாததாக இருந்தது. அவருக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் அவள் ஆசைப்பட்டாள். ஒரு புள்ளி. கோட்டுக்குக் கீழே தனியாக நிற்கிற ஒரே ஒரு புள்ளி. அதை அங்கேயே விட்டால், ரத்தம் எவ்வளவு கெட்டாலும் துடிப்பு நன்றாக இருக்கலாம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். வெள்ளிமலையில் அடுத்த காய்ச்சலில் ஒருவன் வருவான். ரத்தம் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். இவனைப் போல ஒருத்தன் நன்றாகத்தான் இருந்தான் என்று அவனையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவனுக்கும் ஒரு கயிறு, ஒரு டிரெய்லர் எங்காவது காத்திருக்கும்.

"அது ஓடறதில்லப்பா" என்றாள். "அது அவன் இல்ல. அவன் நெஞ்சு அன்னிக்கி இன்னா பாடு பட்டுச்சோ, யாருக்கும் தெரியாமப் போச்சி. அந்த எடத்துல உன்னுத வெச்சா அதுவும் இல்லாமப் போவுது. காலியாவே இருக்கட்டும். அவனுக்குன்னு இருக்கறது அந்தக் காலி எடம்தான்."

"செல்வி" என்றாள் அம்மா.

"நீ போட்டுக்கினாலும் சரி, போட்டுக்காட்டியும் சரி" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "நான் சொல்லிட்டு நூத்தியெட்டோட வருவேன். மெஷினோட இருந்தா மெஷினோட தூக்கிகினு போவேன். இல்லன்னா சும்மா தூக்கிகினு போவேன். நடு வாசல்ல எல்லாரும் பாக்க, ஆளுங்கள வெச்சித் தூக்குவேன். மெரட்டறன்னு நெனச்சிக்காத. செய்வேன்."

சின்னதுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு எதுவுமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் சட்டையின் மேல் பொத்தானில் இடது கை இருந்தது. கழற்றுவதற்கா, சும்மாவா என்றும் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் தான் போகமாட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். பின்னால் பெரியநாயகி யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். கூப்பிட்டது தன்னை இல்லை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் செல்விக்கு உறைத்தது. மலை இருந்த திசையில் மலை இல்லை. மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது. தெருக்கோடியில் நடவுக்குப் போகிற பெண்கள் யூரியாச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரப்பில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா செல்வி, இந்த மழையில குட கூட இல்லாம? பஸ்ஸுக்கா?" என்று ஒருத்தி சாக்குக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஆமாக்கா" என்றாள் செல்வி. நிற்கவில்லை.

முன்னால் போனவள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு கழனியில் காலை வைத்தாள். கால் முழங்கால்வரை உள்ளே போனது. அதைப் பிடுங்கி எடுத்து, அடுத்த காலை வைத்தாள்.